பொறுத்தலும் பொறுப்பும்

துன்புற்று வருவோர்க்கு நாம் கூறும் முதற்சொல் 'பொறுமை' என்பதாகும். நம் இல்லங்களில் அது 'சபூர் செய்யுங்கள்' என்றும் ஒலிக்கும். நாள்தோறும் வழங்கும் இவ்விரு சொற்களின் பொருளை நாம் முழுதும் உணர்ந்துள்ளோமா?

'பொறு' என்னும் வினையடி சுமத்தலையும் தாங்குதலையும் குறிப்பது. அதனின்று பிறந்த 'பொறை' பொறுமைக்கும் பெயர், சுமைக்கும் பெயர். 'பொறுப்பு' என்பதும் அவ்வடியினதே. திருக்குறளில் 'அடக்கமுடைமை' 13ஆம் அதிகாரம். 'பொறையுடைமை' 16ஆம் அதிகாரம். அடக்கம் தன் புலன்களையும் நாவையும் காப்பது. பொறை பிறர் இழைத்த தீங்கைத் தாங்குவது. எனவேதான் வள்ளுவர் இரண்டையும் தனித்தனியே வைத்தார் எனலாம்.

அரபியில் 'ஸப்ர்' என்பதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டி வைத்தல் என்பதாம். பதறும் மனத்தையும் புலம்பும் நாவையும் வரம்பு மீறும் கையையும் நிறுத்துவதே ஸப்ர் என அறிஞர் விளக்குவர். சினத்தை விழுங்குவோரைக் குறிக்கத் திருக்குர்ஆன் (3:134) ஆளும் சொல்லோ, நீர் நிறைந்த தோற்பையின் வாயை இறுக்கிக் கட்டுதலை உணர்த்தும் வேரினது. வெறும் பைக்குக் கட்டு எதற்கு? உணர்ச்சி நிறைந்த உள்ளத்திற்கே கட்டுப்பாடு வேண்டும். தம் மைந்தர் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். ஆதலின் அழாதிருத்தல் பொறுமையன்று, உணர்வற்றிருத்தலும் அன்று.

அநீதிக்கு வாய்மூடிக் கிடத்தலும் பொறுமை ஆகாது. கைக்கூலிக் கொடுமை தாளாது பிறந்தகம் திரும்பிய பெண்ணிடம் 'சபூர் செய்' என்று மட்டும் கூறி மீண்டும் அதே வாயிலுக்கு அனுப்பிவைக்கிறோம். நியாயம் கேட்டு நிற்கும் மாணவனிடம் 'பொறுத்துப் போ' என்று முடித்துவிடுகிறோம். தன் கையையும் நாவையும் காக்க வேண்டியவன் தீங்கிழைப்பவன். அவனை விடுத்து, தீங்குற்றவரிடமே கட்டுப்பாட்டைக் கேட்பது அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கக் காணலாம். நெடுந்தொலைவு சுமந்து வந்தவர் தம் சுமையை அவற்றின்மேல் இறக்கிவைத்து இளைப்பாறினர். கற்கள் அறிவுரை கூறவில்லை, சுமையை ஏற்றன. பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, 'பொறு' என்று பிறர்க்குச் சொல்லும் உரிமை, அவர் சுமையில் ஒரு பங்கை ஏற்கும் பொறுப்புடையார்க்கே உண்டு. மாணவச் செல்வங்களும் இதனை உளங்கொள்வார்களாக!