பல குரலோ, நற்குரலோ?

இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் நன்னூலைப் பற்றியோ சங்க நூல்களைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. பழைய மாணவர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் எழுந்து, இன்னும் தீராது கிடக்கும் ஒரு வழக்கைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலர், விழா நினைவாகக் கல்லூரியின் மேலைத்தேய இசைக் குழுவுக்குக் கிற்றார்ப் பெருக்கி ஒன்றை வாங்கித்தர முன்வந்துள்ளனர். மாணவர் அதனை ‘அம்ப்’ என்பர். பௌதிக நூலோர் ‘விரியலாக்கி’ என்பர். யான் பெருக்கி என்றே சொல்லி அமைவேன். எதனை வாங்குவது என்பதிற்றான் இரு கட்சி. ஒரு பொத்தானை அமுக்கினால் வொக்ஸ், மற்றொன்றை அமுக்கினால் மார்ஷல், இன்னுமொன்றை அமுக்கினால் தேவாலயத்தின் எதிரொலி என நூறு குரல் பேசும் புதிய கருவியே வேண்டும் என்பது ஒரு கட்சி. இரண்டு மூன்று குமிழ்களும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் உடைய, ஒரே குரலை நன்றாகப் பேசும் கருவி போதும் என்பது மற்றைய கட்சி. இசைக் குழுவுக்குப் பொறுப்பாசிரியன் யான். (வேறெவரும் ஏற்காமையால் என் தலையில் விழுந்த பொறுப்பு அது. ஆசிரிய கலாசாலையில் உடன் பயின்ற நண்பரிடம் நான்கு விரல்நிலைகளைக் கற்றதே என் தகுதி.) ஆயினும் யான் இரண்டாங் கட்சியைச் சேர்ந்தவன். அதற்குக் காரணங் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

நல்ல தொனி என்பது யாது என முதலில் நோக்குவோம். அமெரிக்காவிலே கலிபோர்ணியாவில் வானொலி திருத்துங் கடை வைத்திருந்தவர் லியோ பென்டர். அவருடைய தொழிற்சாலை 1955 முதல் 1960 வரை செய்த ‘டிலக்ஸ்’ என்னும் சிறு பெருக்கிக்கு ஒலியளவுக் குமிழ் இரண்டு, தொனிக் குமிழ் ஒன்று, அவ்வளவே. ஏறத்தாழ 15 உவாற்று வலு. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. இதனுள் இருக்கும் வால்வுகள், தந்தியை மெல்லத் தொட்டால் தெளிவாகப் பேசும். அழுத்தித் தொட்டால் அவற்றின் எல்லை கடந்து ஒலியலையின் முனை மழுங்கும். அம்மழுங்கலிலே புதிய மேற்றொனிகள் பிறக்கும். நாதம் தடித்துச் சற்றே கரகரக்கும். அதாவது, குரலை மாற்றும் பொத்தான் கருவியில் இல்லை. வாசிப்பவன் விரலில் இருக்கின்றது. கனடா நாட்டுப் பாடகர் நீல் யங் இவ்வகைப் பெருக்கியொன்றையே பல தசாப்தங்களாகப் பயன்படுத்தி வருகின்றார். மேடையில் அதன் ஒலிநிலையை மாற்ற வேண்டிய தேவை அவருக்கும் இருந்தது. அதற்காக அவர் வேறு பெருக்கி தேடவில்லை. குமிழ்களைத் தானே திருகி வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஒரு பொறியைச் செய்வித்து, அதனைப் பெருக்கியின் மேல் வைத்துக் காலால் இயக்கினார். வேடிக்கையான செயல்தான், ஆயினும் நல்ல குரலொன்றைக் கண்டவன் அதனை எவ்வளவு தூரம் விடாது பற்றுவான் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று யான் அறியேன்.

மற்றுமொன்று. 1964இல் இலண்டனிலே ‘கிங்க்ஸ்’ குழுவினரின் டேவ் டேவிஸ் என்னும் பதினேழு வயது இளைஞர், தம்மிடமிருந்த மலிவான சிறு பெருக்கியின் ஸ்பீக்கர்க் கடதாசியைச் சவர அலகினாற் கிழித்துவிட்டார். கிழிந்த கடதாசி எழுப்பிய கரகரப்பொலி அவ்வாண்டே இங்கிலாந்து முழுவதும் கேட்டது. அவர் பெற்றது ஒரே குரல். (நம் மாணவர் இதனைப் படித்துவிட்டுக் கல்லூரிச் சொத்தில் அலகை வைக்கற்க!)

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. பல குரல் வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய ஆசையுமன்று. 1970களில் கலிபோர்ணியாவில் றண்டால் சிமித் என்பவர், சிறு பெருக்கியொன்றின் முற்பகுதியிலே பெருக்கும் படியைக் கூட்டி, குறைந்த ஒலியிலும் அந்த மழுங்கலைப் பெறும் வழியைக் கண்டார். தெளிந்த குரலும் தடித்த குரலும் ஒரே பெட்டிக்குள் வந்தன. காலால் மிதித்து மாறும் வசதி பின்னர் வந்தது. 1996இல் ‘லைன் 6’ நிறுவனம் பழைய பெருக்கிகளின் இயல்பைக் கணித முறையாற் போலிசெய்யும் பெருக்கியை வெளியிட்டது. அதன் பின் இத்துறை கண்ட வளர்ச்சி பெரிது. பென்டர் நிறுவனத்தாரே 2019இல், தம் புகழ்பெற்ற ‘ருவின் றிவேர்ப்’ பெருக்கியின் ஒலியை எண்முறையில் தரும் கருவியைச் செய்தனர். வால்வு வைத்தது 64 இறாத்தல். புதியது ஏறத்தாழ 33 இறாத்தல். மேல்மாடி இசையறையிலிருந்து பிரதான மண்டபத்துக்குப் பெட்டி சுமக்கும் மாணவரைக் கண்ட எவனும் இவ்வேறுபாட்டை இகழான். ஒன்றைக் கவனிக்க: எடையைப் பாதியாக்கிய அந்தக் கருவியும் நூறு குரல் பேசவில்லை, பழைய அந்த ஒரு குரலையே பேசுகின்றது.

ஆதலின் வழக்கு வால்வுக்கும் கணினிக்கும் இடையிலன்று. 1975இல் யப்பானிய றோலண்ட் நிறுவனம் செய்த ‘ஜே.சி. 120’ பெருக்கியில் வால்வு ஒன்றேனும் இல்லை, முழுவதும் திரான்சிற்றர். 60 உவாற்றுப் பெருக்கி இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கிணற்று நீர்போலத் தெளிந்த அதன் குரலுக்காகவே அரை நூற்றாண்டாக மேடைகளிலே நிற்கின்றது. அதில் ஒலியைக் கரகரக்கச் செய்யும் குமிழும் ஒன்று உண்டு. அதனைப் புகழ்ந்தவரை யான் கண்டிலேன்.

எனக்கு இக்கருத்து நூலிலிருந்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் பரிசளிப்பு விழாவுக்காகப் பல குரற் பெருக்கி ஒன்றை இரவல் வாங்கினோம். பெயர் வேண்டாம். இரண்டு வாரம் மாலைதோறும் ஒத்திகை. முதல் வாரம் முழுவதும் மாணவர் குரல் தேடினர். பாட்டை வாசித்தது குறைவு. ஒருவன் தெரிந்ததை மற்றவன் மாற்றுவான். மாற்றியதை மூன்றாமவன் பழிப்பான். பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழியை யான் வகுப்பிற் பலமுறை விளக்கியிருக்கின்றேன். அன்றுதான் கண்ணாற் கண்டேன். இறுதியில் இசையறையில் மெல்லிய ஒலியில் இனிதாயிருந்த ஒன்றைத் தெரிந்து பதிந்து வைத்தோம். விழா அன்று மண்டபத்தில், முரசுகளுக்கு ஈடாக ஒலியைக் கூட்டியபோது அதே குரல் ஒருபுறம் குமுகுமுவென்றும் மறுபுறம் காதைக் கிழிப்பதாயும் மாறிற்று. பாட்டின் நடுவில் மாணவனின் கால் அயற்பொத்தானில் பட, கிணற்றுள்ளிருந்து ஒருவன் திரும்பத் திரும்ப அழைப்பதுபோல எதிரொலி எழுந்தது. முன் வரிசையில் இருந்த பெரியோர் புன்முறுவலோடு பொறுத்துக்கொண்டனர். அம்மாணவன் அதன்பின் ஒரு தவணை முழுவதும் மேடை ஏறவில்லை.

குற்றம் அவனுடையதன்று, கருவியினுடையதுமன்று. மனிதச் செவி ஒலி குறைந்தபோது கீழ்ச்சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே உணரும். அமெரிக்க ஆய்வாளர் பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதனை அளந்து காட்டினர். ஆதலின் அறையில் மெல்ல வைத்துக் கேட்பவன், குறைவதாகத் தோன்றுகின்ற அவ்விரண்டையும் கூட்டிவிடுகின்றான். மண்டபத்திலே ஒலி ஏறியதும் அவையே மிகையாகி உறுத்துகின்றன. குமிழ் மூன்றாயின் மேடையில் நின்றபடியே கணப்பொழுதிற் சரிசெய்யலாம். பதினான்கு பக்கப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் குமிழை எந்த மாணவன் தேடுவான்?

உவாற்றுக் கணக்கிலும் அன்பர் சிலர் மயங்குகின்றனர். 100 உவாற்றுப் பெருக்கி 50 உவாற்றினதைப் போல இருமடங்கு உரக்கக் கேட்பதன்று. வேறுபாடு 3 தெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். நம் மண்டபத்துக்கு 20 முதல் 40 உவாற்று வரை தாராளம். அதற்கு மேற்பட்டதை ஒலிவாங்கி பார்த்துக்கொள்ளும்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி வாழ்ந்த தலைமுறையினன் யான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டோம். சுழற்றுங் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அந்தச் சிறு ஸ்பீக்கருக்குக் குமிழ்கள் இரண்டே. ஆயினும் ஒரு நாதசுரக்காரர் ஒரு சுரத்தை எங்கே பிடித்து எங்கே விடுகின்றார் என்பதைக் கேட்க அது போதியதாயிருந்தது. பழமையைப் போற்றுகின்றேன் என்று எவரும் எண்ணற்க. மீண்டும் அந்தச் சைக்கிளைச் சுழற்ற எனக்கு விருப்பமில்லை!

பல குரலே தக்கது என்று யானே சொல்லும் இடங்களும் உண்டு. கலியாண வீடுகளில் ஓரிரவிலே பைலாவும் சினிமாப் பாட்டும் ஆங்கிலப் பாட்டுமாக நாற்பது வாசிக்கும் தொழிற்கலைஞருக்கு அது கைகண்ட துணை. விடுதி மாணவன் காதுக்கருவி அணிந்து, அயலில் உறங்குவோரை எழுப்பாது பயில்வதற்கும் அதுவே உதவும். இரண்டாவதை யான் மிகவும் மதிக்கின்றேன். விடுதிப் பொறுப்பாசிரியர் என்னிலும் மிகுதியாக மதிப்பார்.

ஆனால் நாம் வாங்குவது பயிலும் பிள்ளைகளுக்கு. கட்டுரைப் பயிற்சியில் பத்து உவமைகளை மனனஞ் செய்து வந்து, எப்பொருளைத் தந்தாலும் அவற்றையே அடுக்கும் மாணவனை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவற்றை அடித்துவிட்டு ‘நீ கண்டதை எழுது’ என்றால் திகைப்பான். பின் மெல்ல எழுதுவான். அவ்வெழுத்திற்றான் அவன் குரல் இருக்கும். வெறுமையான நல்ல பெருக்கியொன்றின் முன் அமர்ந்த மாணவனும் அவ்வாறே திகைப்பான். விரல் பிசகினால் அது மறைக்காது. அழுத்தினால் ஒன்றும் தளர்த்தினால் ஒன்றும் சொல்லும். எதிரொலி என்னும் போர்வையுள் மறைந்திருந்த பிழைகள் அங்கே வெளிப்படும்.

எனவே என் வேண்டுகோள் இதுவே. மூன்று நான்கு குமிழ்களும் 12 அங்குல ஸ்பீக்கரும் உடைய, தெளிந்த குரற் பெருக்கியொன்றை வாங்குக. வால்வு வகையாயின் மாற்று வால்வுகளையும் உடன் அனுப்புக. இங்கே தேடி அலைய இயலாது. ரொறன்ரோ அன்பர்கள் அங்குள்ள 120 உவோற்றுக் கருவியை அப்படியே கப்பலில் ஏற்றிவிடற்க. நம் நாட்டு மின் 230 உவோற்று. செருகிய மறுகணமே விழா முடிந்துவிடும். மிச்சப்படும் பணத்தில் நல்ல இணைப்புக் கம்பிகளும், கரகரப்புக்கு ஒரு கால்மிதியும் வாங்கலாம். வேறு குரல் தேவைப்படும் ஆண்டில் வேறொரு மிதியை வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சி நண்பர்களுக்கு ஒரு சமாதானம் சொல்வேன். அடுத்த கூட்டத்துக்கு இருவகைக் கருவியையும் கொண்டுவர ஒழுங்கு செய்வோம். மாணவன் ஒருவன் தன் சொந்தக் கிற்றாரில், தெரிந்த ஒரு பாட்டை இரண்டிலும் வாசிக்கட்டும். கருவிகளைத் திரைக்குப் பின் வைப்போம். ஒலி மண்டபத்துக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். யான் கடைசி வரிசையில், முரசு வாசிப்பவனுக்கு நேரெதிரே அமர்ந்திருப்பேன்.