மலைக்குப் போனவர்



2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவத்தோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய பட்டியலில் உங்கள் பெயரோ அப்பா, அம்மா பெயரோ எங்கே இருக்கிறது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று கேட்டது படிவம். ராத்திரி பதினொரு மணிவரை செல்போனில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். வால்பாறைத் தொகுதியின் ஒரு பாகத்தில் அப்பா கிடைத்தார். பக்கத்தில், தந்தை பெயர் என்ற இடத்தில், தாத்தா. அவர் பெயரை அச்சில் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர் இறந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இந்தத் தேடல் நடந்தது. ஓட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தேடினோம். படிவத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான், தாத்தாவுக்கு முன்னால் யார், எந்த ஊர் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது மற்ற ஊர்களைவிடக் கஷ்டம். சமவெளியில் ஒரு குடியானவருக்குப் பட்டா இருக்கும், பத்திரம் இருக்கும், பாட்டன் கட்டிய வீட்டின் திண்ணையாவது இருக்கும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள், மூன்று தலைமுறை கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அதே நாற்பது வளைவு இறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள்.

எங்கள் ஆனைமலையில் 1890-களில் காடு வெட்டித் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலை இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டிய கைகளின் பெயர்கள் செக்ரோலில் இருந்தன. செக்ரோல் என்றால் பேர்ப் பதிவு. தினமும் மஸ்டரில் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிக்கும் நீளமான நோட்டு. ஒரே டிவிஷனில் நாலு முத்தையா இருந்தால் நம்பர்தான் ஆளைப் பிரிக்கும். அப்பா வேலை பார்த்த எஸ்டேட் ஆபீஸில் பழைய செக்ரோல்களைக் கேட்டுப் போனேன். கரையான் அரித்ததைப் பல வருஷம் முன்பே எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதை வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

சரி, அரசாங்கம் எண்ணியிருக்குமே? எண்ணியது. 1872-லிருந்து இந்த நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உண்டு. 1931 பிப்ரவரி 26 இரவு நாடு முழுக்க ஒரே ராத்திரியில் தலைகளைச் சரிபார்த்தார்கள். பெயர், வயது, சாதி, மதம், தாய்மொழி, தொழில் என்று வரிசையாக எழுதிய அந்தத் தாளில், பிறந்த மாவட்டத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. தாத்தாவுக்கு அப்போது பதினெட்டு வயதுக்குள் இருக்கும். மலைக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம். ஏதோ ஒரு லைனில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் யாரோ ஒருவர் அவரிடம் எந்த ஜில்லா என்று கேட்டிருப்பார், அவரும் சொல்லியிருப்பார். நான் தேடும் விடையில் ஒரு துண்டு அந்த ஒரு ராத்திரி ஒரு தாளில் இருந்தது. எண்ணி முடித்து, அட்டவணை போட்டதும் அந்தத் தாளுக்கு வேலை முடிந்துவிட்டது. மாவட்டத்தில் எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற எண்கள் இன்றும் கிடைக்கின்றன. பழைய அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பெயர்கள் மட்டும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தியவற்றை நாம் கேட்கவும் முடியாது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15-வது பிரிவு, அந்தப் பதிவேடுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. இங்கிலாந்தில் நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கிறார்கள். 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. அமெரிக்காவில் 72 வருஷம். 1950-ஆம் ஆண்டுக் கணக்கை 2022 ஏப்ரலில் திறந்தார்கள். நம் சட்டத்தில் பூட்டு இருக்கிறது, திறக்கும் தேதி இல்லை.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு போவது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் மக்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அசாமில் கணக்கெடுப்பை வைத்துத் தொகுத்த 1951-ஆம் ஆண்டுக் குடிமக்கள் பதிவேட்டில் பாட்டனார் பெயரைத் தேடி லட்சக்கணக்கானவர்கள் அலைந்ததை மறக்க முடியுமா? 2019-இல் வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சம் பேருக்கு இடமில்லை. உயிரோடு இருப்பவரை அந்தத் தாள் காயப்படுத்தக் கூடாது. ஆனால் நூறு வருஷம் கழித்துப் பேரனுக்குத் தர மறுப்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு? 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. இந்தமுறை எல்லாம் டிஜிட்டல். அடுக்கி வைக்க இடமில்லை, கரையான் அரித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அழிக்காமல் வைத்து, நூறு வருஷம் கழித்துத் திறப்போம் என்று ஒரு வரி சட்டத்தில் சேர்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொன்றும் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பனுக்குப் போனது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்கள் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா எல்லாம் கப்பல் பட்டியலில் இருக்கிறது. மொரீஷியஸின் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே போனவர்களின் பதிவேடுகளைப் புகைப்படங்களோடு காக்கிறது. அங்கிருந்து கொள்ளுப் பேத்திகள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நம் கிராமங்களுக்கு வருகிறார்கள். காரணம் எளிது. ஒப்பந்தத்தில் கடல் தாண்டியவரைப் பதிவு செய்தது சர்க்கார். மலையேறியவரைக் கூட்டி வந்தவர் கங்காணி. கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கணக்கு இருந்தது. வந்த ஆளின் ஊருக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. நாலாயிரம் மைல் போனவருக்கு விலாசம் இருக்கிறது, சில நூறு மைலுக்குள் வந்தவருக்கு இல்லை.

திருப்பூரில் பேத்தி வீட்டில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். “திருநெல்வேலிச் சீமைதான் கண்ணு. எனக்கு எட்டு வயசுலயே எங்கப்பா போயிட்டாரு. ஊரு பேரு அவரோட போச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார். 1968-இல் அவர் கல்யாணத்து மொய் நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் சுழி. எஸ்டேட் பெயர்களாகவே போய்க்கொண்டிருந்த பக்கங்களில், பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது. தாத்தாவுக்குப் பங்காளி முறையான ஒருவர், சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம், இரண்டு ரூபாய்.

மொய் நோட்டை நாம் கடன் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். பெயர், ஊர், உறவு, தேதி எல்லாம் இருக்கும் தாள் அது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். பி.எஃப். நாமினி படிவம், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு, பழைய ரேஷன் கார்டு, மாமாவுக்கு வந்த இன்லண்டு லெட்டர், எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்த குடும்பங்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும், ஆகவே பெயரோடு வருஷத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனி உத்திரத்தன்று, அத்தையின் மொய் நோட்டில் இருந்த அந்தக் கிராமத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போனேன். கோயில் வரி எழுதும் பெரியவரிடம் தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பழைய தலைக்கட்டு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து விரலால் தடவித் தடவித் தேடினார். பெயர் இருந்தது. தகப்பன் பெயர் இருந்தது. வரித்தொகை எழுத வேண்டிய கட்டத்தில், ‘மலைக்குப் போனவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கடுத்த நோட்டிலும் அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார்கள், அதற்கடுத்ததிலும். ஒருவரும் அவர் பெயரை அடிக்கவில்லை.

இந்த வருஷத்து வரியைக் கட்டினேன். ரசீது யார் பேருக்கு என்று பெரியவர் கேட்டார். தாத்தா பெயரைச் சொன்னேன்.