முதல் காற்றுத் துப்பாக்கி

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்று நாசம் செய்வதைக் கண்டு மனம் நொந்து, காற்றுத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் தொல்லை தீர்ந்தது என்று உற்சாகங்கொள்ளும் இளைஞர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய விஷயம், 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி அதுவும் உரிமமின்றி வைத்திருக்கக் கூடாத ஆயுதம் என்பதே. வேட்டைக்கோ 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அதுவும் கிடைத்தாலுங்கூட, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு பன்றியைக் காயப்படுத்தி வதைக்குமே தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

ஆகவே, ஆரம்ப அப்பியாசத்தைத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் கூடத்தில் செய்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அங்கே 10 மீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள வெண்புள்ளியை நோக்கி, மூச்சை அடக்கி, விசையை விரல்நுனியால் மெல்ல மெல்ல அழுத்தி, குண்டு போன பின்பும் நிலை குலையாது நிற்பதன் சிரமத்தை அறியாதவரே இதை எளிது என்பர். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று இப்போட்டியில் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் புகழ் பெற்றதும் இந்தப் பிரிவிலேதான். துப்பாக்கி வாங்க ஆசைப்படும் தம்பிமார், கடைக்குப் போகுமுன், தம் வட்டாரக் காவல் நிலையத்தில் உரிமத்தைப் பற்றி விசாரிக்கட்டும்.