கேசட் சீட்டும் கடைச் சீட்டும்

வியாபாரத்தில் சரக்கு பாதி, சீட்டு பாதி என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். அவர்கள் மதுரையில் கேசட் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த 1980, 1990-களைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட ஒலிநாடா, நம் பக்கத்துக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மக்கள் குலசாமி பாட்டும் வள்ளி திருமண நாடகமும் கேசட்டாக வாங்கிப் போனார்கள். கேசட்டுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். எதில் சாமி பாட்டு, எதில் நாடகம் என்று சொன்னது பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டுதான். அலமாரியில் அடுக்கிவிட்டால் அதன் அரை அங்குல முதுகுப் பட்டைதான் கண்ணில் படும். அந்த அரை அங்குலத்தில் பெயர் தெளிவாக இல்லையென்றால் சரக்கு தூங்கும்.

பெரிய கம்பெனிகள் பல வண்ண ஆப்செட்டில் சீட்டு அடித்தன. ஆப்செட்டில் நூறு சீட்டு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றே. ஆகவே ஐம்பது, நூறு என்று பதிவு செய்து விற்ற சிறு வியாபாரிக்கு அது கட்டுப்படியாகவில்லை. பேனாவால் எழுதிக் கொடுத்தார். பேஜ்மேக்கர், கோரல்டிரா போன்ற மென்பொருள்களோடு டி.டி.பி. வந்தபிறகுதான் சிறு கடைக்காரருக்கும் அச்செழுத்து எட்டியது. நான்கு அங்குல அகலம், முகப்புக்கு 65 மில்லிமீட்டர், முதுகுக்கு அரை அங்குலம், பின்மடிப்புக்குக் கொஞ்சம். இப்படிக் கட்டம் போட்டால் ஓர் ஏ4 தாளில் நான்கு சீட்டு தாராளமாக அடங்கும். வித்தை அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சீட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியிட்ட ஆண்டும் கேசட்டிலும் பெட்டியிலும் இருக்க வேண்டும் என்றது அது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 68ஏ பிரிவு விதித்தது. இருந்தும் என்ன நடந்தது? சந்தைக்கு வந்த திருட்டுக் கேசட்டுகளில் படம் பளபளத்தது, முகவரி இல்லை. பாடியவரும் நஷ்டப்பட்டார், முறையாகப் பணம் கொடுத்துச் சரக்கு எடுத்து விற்ற வியாபாரியும் நஷ்டப்பட்டார்.

கேசட் காலம் முடிந்துவிட்டது. அது விட்டுச் சென்ற பாடம் நமக்கு, அதாவது மளிகைக்காரர்களுக்கு, இன்றும் பொருந்தும். சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம், கால் கிலோ பருப்பு என்று நாமே பாக்கெட் கட்டி விற்கிறோம். ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தால், விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலேயே லேபிள் அடித்துக்கொள்ளலாம். "அது அச்சகத்தார் வேலை" என்பார்கள் சிலர். பத்தாயிரம் வேண்டுமானால் சிவகாசிக்குப் போவோம், இருநூறுக்கு எதற்கு?

எதிரே நிறுத்துக் கொடுக்கும் சரக்குக்கு லேபிள் வேண்டியதில்லை. முன்கூட்டியே கட்டி வைத்தால் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள்கள் விதிகள் நம்மைக் கட்டும். பொருளின் பெயர், தயாரிப்பவர் அல்லது பாக்கெட் போடுபவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை வேண்டும். உணவுப் பண்டமானால் உணவுப் பாதுகாப்புத் துறை தந்த எண், சேர்மானப் பட்டியல், சைவக் குறி முதலியனவும் சேரும். இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் அடித்தால் விதிப்படி செல்லாது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

கைப்பழக்கத்திலும் சில உண்டு. தமிழை யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்த கம்ப்யூட்டரில் புரியாத எழுத்தாக நிற்கும். எண்ணெய், ஈரம் படும் பாக்கெட்டுக்கு இங்க்ஜெட் மை கசியும். லேசர் அச்சு தாங்கும். அடுத்த மாதத்துக்கும் சேர்த்துத் தேதி போட்டு அடித்து வைக்காதீர்கள். விலையைக் கூட்டி மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதும் கூடாது. தேவைக்குத் தேவை அடித்துக்கொள்ள முடிவதுதானே இதன் பெரிய சௌகரியம்!

பிரபல கம்பெனி பாக்கெட்டைப் பார்த்து அதே நிறம், அதே எழுத்து என்று அடிப்பது மட்டும் வேண்டாம். திருட்டுக் கேசட்டுக்காரர் செய்ததும் அதுதான். நம் பொடி நன்றாக இருந்தால் அதன் புகழ் இன்னொருவர் பெயருக்குப் போய்ச் சேருவானேன்?

விதிகளுக்குப் பொருந்தும் ஒரு மாதிரி லேபிளைத் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்க நமது சங்கம் ஆவன செய்ய வேண்டும். சீட்டின் அழகைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதில் நம் பெயரையும் முகவரியையும் துணிந்து போடும்படியான சரக்கைக் கொடுப்பது நம் பொறுப்பு.