கரையேறிய கலங்களும் கைநழுவும் சொற்களும்

பங்குனி பிற்பகுதியில் சமயபுரத்தில் தேர்வேலை தொடங்கிவிடுகிறது. சித்திரை முதல் செவ்வாயன்று ஓடவேண்டிய தேர். அச்சும் சக்கரமும் பார்க்கிறார்கள், சாரம் கட்டுகிறார்கள், சீலை சுற்றுகிறார்கள். தேர் ஓடும் ஒரு நாளைப் பாடியவர்கள் ஏராளம். அதை ஓடத்தக்கதாக்கும் நாட்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. கடலோடும் கலங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது என்பதே இங்கு நாம் சொல்ல விரும்புவது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. ஆண்டுதோறும் நாளேடுகள் 'மீனவர்கள் வேலையின்றித் தவிப்பு' என்று எழுதுகின்றன. வருமானமின்றித் தவிப்பது உண்மை. ஆனால் வேலையின்றி என்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆண்டின் நுட்பமான வேலைகள் நடப்பதே அப்போதுதான். படகைக் கரையேற்றி, அடிப்புறத்தில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட வேண்டும். பலகையைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டே புழு அரித்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தச்சருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியை உளிவைத்து அடித்துச் செருகி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் பூச வேண்டும். இதற்குக் கலப்பற்று என்று பெயர். கலம், பற்று என்று பிரித்துத் தனித்தமிழ்ச் சொல்லென மகிழத் தோன்றும். போர்த்துக்கீசிய மொழியிலும் இவ்வேலைக்குக் 'கலஃபெதார்' என்றே பெயர் என்றறிந்தால் மகிழ்ச்சி சற்றுக் குறையலாம், வியப்பு கூடும். எத்தனை துறைமுகங்களைத் தொட்டு வந்த சொல்!

பாய்க்கலங்களில் வேலை இன்னும் அதிகம். தூத்துக்குடித் தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் ஓய்ந்து கிடந்து, காற்று தணிந்தபின் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கேற்றுபவை. கச்சான் எப்போது அடங்கும் என்ற கணக்கை வைத்தே பழுதுபார்க்கும் நாட்களும் முதல் பயணமும் திட்டமிடப்பட்டன. பாயைப் பிணைக்கும் குறுக்குக் கழியான பருமல், அதை மேலேற்றும் ஆஞ்சான், பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துக் கட்டும் தாமான் என ஒவ்வொன்றையும் அவிழ்த்து, நைந்ததை மாற்றியாக வேண்டும். இச்சொற்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் உள்ளன. இருந்தென்ன? தோணிகளில் இயந்திரம் ஏறியபின் ஆஞ்சானுக்கு வேலை குறைந்தது. படகுகள் கண்ணாடியிழைக்கு மாறமாறக் கலப்பற்றுக்கும் வேலையில்லை. பொருள் போனால் சொல்லும் போகும். இதில் மீனவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நம் இலக்கியம் இதை முற்றிலும் கண்டுகொள்ளவில்லை என்பதும் சரியன்று. நற்றிணை 315ஆம் பாடலில் அம்மூவனார், வேலை செய்து மூத்துச் சிதைந்த அம்பியொன்றைக் காட்டுகிறார். உழவர் கிழட்டு எருதைப் புல்வெளியில் விட்டுவிடுவதைப் போல, நறும்புகையும் காட்டாமல் புன்னை நிழலில் அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அப்படியானால் உழைக்கும் கலத்துக்குப் புகை காட்டினார்கள் என்றாகிறது. ஆனாலும் அது ஓய்வுபெற்ற கலம். ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் இடையே ஆண்டுதோறும் அதைப் பழுதுபார்த்த கைகளை அப்பாடலில் காணோம். ஜோ டி குரூஸின் 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது, தோணித்தொழிலின் சொற்கள் பல வாசகர்களை முதன்முறையாக எட்டின. ஒரு நாவலாசிரியர் தனியொருவராய்ச் செய்ததைத் தமிழ்த்துறைகள் ஏன் செய்யக்கூடாது?

நெய்தலைப் பத்து மதிப்பெண் வினாவாக மட்டுமே நடத்துகிறோம். முதுகலை மாணவர்களுக்கு ஆய்வேடு கட்டாயமான துறைகளில், ஆண்டுக்கு இருவரையேனும் படகுகட்டும் கரைக்கு அனுப்பலாம். வேலை நடக்கும்போதே செல்ல வேண்டும். ஓய்ந்திருக்கையில் கேட்டால் நினைவிலிருப்பதைத்தான் சொல்வார்கள், உளி கையிலிருக்கும்போது கேட்டால் உளிக்கும் அடிக்கும் திரிக்கும் தனித்தனிப் பெயர் வரும். சொல்லைக் குறித்தால் போதாது, ஒலிப்பதிவும் வேண்டும், வரைபடமும் வேண்டும். கல்லூரிக்கு மே மாதம் விடுமுறை, தடைக்காலமும் அப்போதுதான். திருச்சியில் காலையில் கிளம்பினால் நண்பகலுக்குள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடலாம்.