சதுப்பு நிலத்தை நிரப்பினால் நட்டம் யாருக்கு?

2016 மே மாத நடுப்பகுதியில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. புனித றமழானுக்கு மூன்று வாரங்களே இருந்தன. நோன்புகால வியாபாரத்துக்காக முதல் போட்டுச் சரக்கெடுக்கும் காலம் அது என்பதை நமது வர்த்தகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பலரும் மழையைக் குறை கூறினர். மழை கடுமையானதுதான். ஆனால் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பு நிலங்களில் கணிசமான பகுதி அதற்கு முன்னரே மண்போட்டு நிரப்பப்பட்டிருந்தது. நீர் தனது பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே வீடுகளும் கடைகளும் களஞ்சியங்களும் இருந்தன.

ஈரநிலங்களைக் காக்க 1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் றம்சார் நகரில் சர்வதேச சமவாயமொன்று கைச்சாத்தானது. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. புந்தல, ஆனைவிழுந்தாவ, மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகிய 6 இடங்கள் அதன் பட்டியலில் உள்ளன. மனிதச் செயல்களால் சீர்கெடும் ஈரநிலங்களைக் குறித்து எச்சரிக்க, 'மொன்ட்ரோ பதிவேடு' என்ற தனிப் பதிவும் உண்டு. 2018இல் கொழும்பு 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தையும் பெற்றது.

பெருமைதான். ஆனால் இச்சமவாயத்துக்குப் பொலிஸ் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அது அரசாங்கங்கள் கொடுத்த வாக்குறுதி மாத்திரமே. இரவோடிரவாக லொறியில் வரும் மண்ணை அது தடுத்து நிறுத்தாது. வாங்குபவர் இருக்கும்வரை நிரப்புபவரும் இருப்பார்.

கொழும்பின் காணி விலையில் சிறு வியாபாரி மலிவான இடத்தை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். பேர்ச்சஸ் ஒன்றில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரேயொரு வெள்ளம் வட்டியோடு கொண்டு போய்விடும். 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' சூறாவளியின்போதும் களனி கங்கை பெருக்கெடுத்ததை மறக்கலாகாது.

எனவே, காணி வாங்குமுன் உறுதியை மட்டும் பார்க்காதீர்கள். அது நிரப்பிய நிலமா, அதற்கு அனுமதி உண்டா என்று உள்ளூராட்சி மன்றத்திலும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திலும் விசாரியுங்கள். 2016இல் நீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். சதுப்பு நிலம் தவணைப் பணம் கேட்காத காப்புறுதி. அதை நாமே இரத்துச் செய்யக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. நாம் உயர்த்திக் கட்டினால் அந்த நீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. அயலவரின் ஹக்கைப் பறித்துச் சேர்க்கும் இலாபத்தில் பரக்கத் இருக்குமா? ஒவ்வொருவரும் தமது மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கட்டும்.