பால் எங்கே போயிற்று?

ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’, ரஷ்யப் புரட்சியின் உருவகக் கதை. நெப்போலியன் என்னும் பன்றிதான் ஸ்டாலின் என்று பெயர் பொருத்திப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவோர் பலர். அப்பன்றி நாய்களை ஏவிய அன்றே புரட்சி கெட்டது என்பாரும் உண்டு. ஆசிரியரோ 1946இல் எழுதிய கடிதமொன்றில் அதற்கும் முந்திய இடத்தைச் சுட்டினார். பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென ஒதுக்கிக்கொண்ட இடம் அது. (பால் கணக்கின் சேதி நம் தோழர்கள் அறியாததா!) அவ்விடத்திலேயே ‘குரோன்ஸ்டாட்’ என்றும் குறித்தார். அந்தக் கடற்படைத் தளத்து மாலுமிகள் 1921இல் இரகசிய வாக்கெடுப்பும், உழைப்போருக்குச் சமமான உணவுப் பங்கீடும் கேட்டனர். செஞ்சேனை சென்று சுட்டு அடக்கியது. அது லெனின் காலம். ஸ்டாலின் இன்னும் தலைமைக்கு வரவில்லை. கதையின் விலங்குகளோ முணுமுணுத்ததோடு சரி. பழைய முதலாளி திரும்பிவிடுவான் என்று மிரட்டியதும் வாய்மூடிவிட்டன.